12 வார ஃபோட்டோ வகுப்பு: வாராவாரம் என்ன வேலை கொடுப்பது?

கூவக்கரை | பதிவு 1

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்குகிறது. மொத்தம் 12 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம். 16 பேரும் கல்லூரிப் பிள்ளைகள். 9 பேரிடம் 18-55 கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ்) பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா இருக்கிறது, 7 பேரிடம் ஃபோன் மட்டும்தான். இடம் மயிலாப்பூர்.

இந்த மாதிரி வகுப்புகளில் வழக்கமாகக் கொடுப்பது 'மழை', 'முதுமை', 'உழைப்பு', 'சென்னையின் நிறம்' என்று தலைப்புகள். வருகிற படங்களில் நாலைந்து நன்றாகவே இருக்கும். ஆனால் எடுத்த பிள்ளையிடமே "இதையே நாளைக்கு மறுபடி எடு" என்றால் வராது. படிப்படியாக ஏறுகிற மாதிரி வாரத்துக்கு ஒரு வேலை வேண்டும். எது முதலில், எது பிறகு, எங்கே சறுக்குவார்கள் என்று சொல்லுங்கள்.

அரை_ஸ்டாப் | பதிவு 2

'முதுமை' என்று தலைப்பு கொடுத்தால் பிள்ளை ஒரு தாத்தாவைத் தேடிப் போகும். தாத்தா கிடைத்தால் படம் கிடைக்கும். அதில் கேமராவைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒன்றைத்தான் மாற்ற விட வேண்டும். மீதி எல்லாவற்றையும் நீங்களே பூட்டிவிடுங்கள்: இடம், நேரம், லென்ஸ் தூரம், பொருள். அப்போதுதான் இரண்டு படம் வேறு வேறாக வந்தால் எதனால் என்று அவர்களாலேயே சொல்ல முடியும்.

முதல் வாரத்துக்கு என் சிபாரிசு மீட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற கருவி. வெள்ளைத் துண்டு ஒன்று, கறுப்புப் பை ஒன்று, செய்தித்தாள் ஒன்று. மூன்றையும் ஒரே ஜன்னல் பக்கத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 400, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/5.6, மோடு அப்பர்ச்சர் பிரையாரிட்டி: துளையை நாம் வைப்போம், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கேமரா வைக்கும். ஒவ்வொன்றும் ஃப்ரேமை முழுக்க அடைக்கும்படி கிட்டே போய் ஒரு படம். காம்பென்சேஷன் (கேமரா போட்ட கணக்கை வெளிச்சமாகவோ இருட்டாகவோ திருத்தும் எண்) பூஜ்யத்தில் இருக்கட்டும்.

துண்டும் பையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கேமரா கெட்டுப்போச்சு என்பார்கள். அங்கேதான் பாடம். மீட்டருக்குத் துண்டு வெள்ளை என்று தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் 18 சதவீத சாம்பல் என்று நம்பித்தான் அது கணக்குப் போடும். அடுத்து துண்டுக்கு +1, +1.3, +1.7, +2 என்று நாலு படம், பைக்கு அதேபோல் மைனஸில் நாலு. எந்தப் படத்தில் துண்டு வெள்ளையாகவும், நூல் இழை தெரியும்படியும் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து, எண்ணை எழுதிக் கொண்டுவர வேண்டும். மொத்தம் 11 ஃப்ரேம். அழகான படம் ஒன்றுகூட வராது, வரவும் வேண்டாம்.

கிட்லென்ஸ் | பதிவு 3

முதல் வாரமே எம் மோடில் (எல்லாவற்றையும் கையாலேயே வைக்கிற மேனுவல்) இறக்கிவிட்டால் என்ன? அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் பழகினால் பாதி வேலையைக் கேமராதானே செய்கிறது.

அரை_ஸ்டாப் | பதிவு 4

எம் மோடில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கவனித்துப் பாருங்கள். வ்யூஃபைண்டருக்குள் இருக்கிற முள் நடுவுக்கு வரும்வரை டயலைத் திருப்புவார்கள், நடுவுக்கு வந்ததும் அழுத்துவார்கள். ஆட்டோ செய்வதும் அதைத்தான். கையால் செய்தால் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முள்ளை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்த பிறகு எம் மோடு கொடுங்கள். 4ஆம் வாரம் சரியாக இருக்கும்.

அந்த வாரத்துக்கு நல்ல வேலை ஒன்று: மீட்டரையே பார்க்காமல் எடுப்பது. நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் 1/ஐஎஸ்ஓ. அதாவது ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100. அதையே எஃப்/8க்குக் கொண்டுவந்தால் 1/400. மேகம் மூடினால் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) திறக்க வேண்டும், கட்டட நிழலில் நாலு. ரோட்டில் நின்று வெளிச்சத்தை வாயால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், பிறகு ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்க்க வேண்டும். மூன்று நாளில் ஒரு ஸ்டாப்புக்குள் சொல்ல வந்துவிடும்.

மாடவீதி | பதிவு 5

மீட்டர் முதலில் என்பது சரி. ஆனா இரண்டாவது வாரமே வெளிச்சத்துக்கு வந்துடணும்ங்கறது என் கட்சி. நம்ம ஊர் வெயில் புத்தகத்துல இருக்கிற வெயில் இல்ல.

உதயத்தை ஒட்டியும் அஸ்தமனத்தை ஒட்டியும் வர்ற மஞ்சள் வெளிச்சத்துக்கு 'கோல்டன் ஹவர்'னு ஒரு மணி நேரக் கணக்கு சொல்றது குளிர்நாட்டுக் கணக்கு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில இருக்கு. சூரியன் சாய்ஞ்சு ஏறாது, ஏணி வச்ச மாதிரி ஏறும். ஜூன்ல உதயம் 5.42 வாக்குல. முதல் 25, 30 நிமிஷத்துலயே 6 டிகிரி ஏறிடும். 6.15க்கு மேல அந்த மஞ்சளும் நீள நிழலும் வேகமாக் கரைஞ்சுடும். ஏழு மணிக்கு பீச்சுக்கு வந்து "கலர் வரலையே மேடம்"னு கேக்கற பிள்ளை பாதிப் பேர்.

வேலை இது. ஒரே இடம், ஒரே ஃபோகல் லெங்த் (ஜூம் வளையத்துல இருக்கிற மில்லிமீட்டர் எண்), தரையில சாக்பீஸால கால் அடையாளம் போட்டுக்கணும். காலை 5.50, 7.30, பகல் 12, மாலை 4.30, 6.20. ஒரே நாள்ல அஞ்சு படம். வைட் பேலன்ஸை (வெளிச்சத்தோட நிறத்தைச் சரிக்கட்டற செட்டிங்) டேலைட்ல பூட்டணும், ஆட்டோல விட்டா கேமரா அஞ்சையும் ஒரே நிறமா ஆக்கப் பாத்து, பாடத்தையே அழிச்சுடும்.

இடம் தேர்றதுல திசை பாருங்க. காமராஜர் சாலையில இருக்கிற செனட் ஹவுஸ், சிஷோம் 1874லிருந்து 79க்குள்ள கட்டினது, அதோட ஒரு பக்கம் கடலைப் பாத்து இருக்கு. காலையில முழு வெளிச்சம் அந்தப் பக்கத்துல விழும், சாயங்காலம் சூரியன் அதுக்குப் பின்னாடி போயிடும், நிழலுருவம்தான். கபாலி கோயிலும் அப்படித்தான்: கிழக்கு ராஜகோபுரத்துக்குக் காலை, மேற்கே குளத்துப் பக்கத்துக்கு மாலை. ராஜகோபுரத்தை மாலை அஞ்சு மணிக்கு எடுத்தா வானம் வெள்ளை, கோபுரம் கறுப்பு. அந்தத் தப்பையும் ஒரு தடவை செய்ய விடுங்க.

கோயிலுக்குள்ள ஃபோன் வேண்டாம். 2022 டிசம்பர்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்கள்ல ஃபோனுக்குத் தடை போடச் சொல்லியிருக்கு. வீதியும் குளக்கரையுமே 12 வாரத்துக்குப் போதும்.

கூவக்கரை | பதிவு 6

ராஜகோபுரம் எடுத்தால் எல்லோருக்கும் மேலே கூம்பிக்கொண்டு பின்னால் சாய்கிற மாதிரி வருகிறதே, அதை எப்படி விளக்குவது?

அரை_ஸ்டாப் | பதிவு 7

கேமரா மேல்நோக்கிச் சாய்ந்தால் சென்சார் கோபுரத்துக்கு இணையாக இல்லை. அதனால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கேமராவை மட்டமாகப் பிடித்தால் நேராகவே வரும், ஆனால் தூரம் போக வேண்டும். கோபுரம் சுமார் 37 மீட்டர். 18 மில்லிமீட்டரில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் கண்ணுக்கு மேலே 33 டிகிரிதான் தெரியும். கணக்குப் போட்டால் சுமார் 54 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஃப்ரேமின் கீழ்ப்பாதி முழுக்க ரோடு. அவ்வளவு இடம் இல்லையென்றால் சாய்த்தே எடுத்து மென்பொருளில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே பக்கத்தில் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள்.

பாக்கெட்_கேமரா | பதிவு 8

ஃபோன் வச்சிருக்கிற 7 பேரை யாரும் கண்டுக்கலையே! அவங்களுக்கும் அதே வேலையைக் கொடுத்தா பாதி வாரம் ஓடாது. காரணம் ஃபோன்ல அப்பர்ச்சர் மாறாது. பெரும்பாலும் எஃப்/1.8 பக்கம் ஒரே அளவு. அதனால,

மீட்டர் வாரம்: அப்படியே செய்யலாம். திரையை அழுத்திப் பிடிச்சு எக்ஸ்போஷர் லாக் பண்ணி, சூரியப் படத்தை மேல கீழ இழுக்கறதுதான் காம்பென்சேஷன். எச்டிஆரை (பல படத்தைச் சேத்து வெளிச்சத்தைத் தானே சமன்படுத்தற வசதி) அணைக்கணும், இல்லன்னா ஃபோனே துண்டை வெள்ளையாக்கிடும்.

அப்பர்ச்சர் வாரம்: செய்ய முடியாது. சென்சார் சின்னது, லென்ஸின் உண்மையான ஃபோகல் லெங்த் 6 மில்லிமீட்டர் மாதிரி, எல்லாமே ஷார்ப்பா இருக்கும். போர்ட்ரெய்ட் மோடு மங்கல் கணக்குப் போட்டு வரைஞ்சது. அதையே வேலையாக் கொடுங்க: மூக்குக்கண்ணாடி போட்டவங்க, மல்லிப்பூ வச்ச கூந்தல், ஜிமிக்கி. மூணையும் போர்ட்ரெய்ட் மோடுல எடுத்து, எங்கெங்க தப்பா வெட்டியிருக்குன்னு வட்டம் போட்டுக் கொண்டுவரணும். நிஜமான மங்கல் வேணும்னா 10, 15 சென்டிமீட்டர் கிட்ட போனா வரும்.

ஷட்டர் வாரம்: நேரம் மாத்தணும். வெயில்ல எஃப்/1.8, ஐஎஸ்ஓ 50ல ஷட்டர் 1/4000 பக்கம் போயிடும். 1/30க்கு இறக்க வழியே இல்லை. சூரியன் மறைஞ்சு 10, 15 நிமிஷம் கழிச்சுப் போனா அதே ஃபோன்ல ப்ரோ மோடுல 1/30 கிடைக்கும்.

இன்னொண்ணு, பியூட்டி ஃபில்டர். நிறைய ஃபோன்ல தானாவே ஆன்ல இருக்கும். முதல் நாளே எல்லாருதையும் வாங்கிப் பாத்து அணைச்சுடுங்க.

கிட்லென்ஸ் | பதிவு 9

கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஷட்டர் வாரத்தில் அதே கதைதான். பேனிங் (ஓடுகிற வண்டியோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது) எடுக்கச் சொன்னால் காலை 11 மணிக்குப் போவார்கள். ஷட்டர் பிரையாரிட்டியில் 1/30 வைத்ததும் அப்பர்ச்சர் எண் மின்னும். வெயிலில் ஐஎஸ்ஓ 100ல் 1/30க்கு எஃப்/29 வேண்டும், 18 மில்லிமீட்டரில் கிட் லென்ஸ் எஃப்/22 வரைதான் போகும். படம் வெளுத்துப்போகும். பிள்ளை உடனே ஷட்டரை 1/250க்கு ஏற்றிவிடும், பஸ் உறைந்து நிற்கும், "பேனிங் வரலை" என்று எழுதிவிடும்.

காமராஜர் சாலை நல்ல இடம், அகலமான ரோடு, நடைபாதையில் நின்றால் வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி. மாலை 6 மணிக்கு மேல் ஐஎஸ்ஓ 100, 1/30, எஃப்/8 வாட்டமாக உட்காரும். லென்ஸ் 35ல். பஸ், ஆட்டோவுக்கு 1/30. சைக்கிளுக்கு 1/15. நடக்கிறவர்களை விட்டுவிடுங்கள், கைகால் தனித்தனியாக ஆடுவதால் எதுவும் ஷார்ப்பாக வராது.

கால் வைக்கும் விதம் முக்கியம். படம் எடுக்கப்போகிற இடத்தைப் பார்த்துப் பாதத்தை ஊன்ற வேண்டும், வண்டி வருகிற திசைக்கு இடுப்பை மட்டும் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்போது வண்டி நேரே வரும்போது உடம்பு இயல்பாக நிமிர்ந்திருக்கும். பலர் வண்டி வரும் பக்கமே பாதத்தை வைத்து, கடைசியில் முறுக்கிக்கொண்டு அழுத்துவார்கள், ஃப்ரேம் அங்கேயே குதிக்கும். ஃபோகஸ் ஏஎஃப்-சி (நகர்கிற பொருளைத் தொடர்ந்து பிடிக்கும் மோடு), கேனான் என்றால் ஏஐ சர்வோ. அழுத்திய பிறகும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 40 எடுத்தால் 3 தேறும். 3 தேறினால் நல்ல மார்க் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பத்தாவது படத்திலேயே மனம் விட்டுவிடும்.

பின்னணியையும் பார்க்கணும். வெறும் வானமும் மணலும் பின்னால் இருந்தால் கோடு விழாது, வண்டி ஓடுகிற மாதிரியே தெரியாது. மரம், சுவரொட்டி, கடை விளக்கு ஏதாவது வேண்டும்.

புதுவிரல் | பதிவு 10

வணக்கம். வகுப்பில் இல்லை, இந்த இழையைப் பார்த்து வீட்டிலிருந்து செய்கிறேன். வெள்ளைப் பொருளுக்கு ப்ளஸ் என்று படித்ததால் வாசல் கோலத்துக்கு +1 வைத்தேன். கோடெல்லாம் தடித்து, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. கோலத்தின் தூரத்து ஓரம் மங்கல் வேறு. காலை 5.30, 18 மில்லிமீட்டர், எஃப்/3.5, 1/25, ஐஎஸ்ஓ 1600. நின்றபடி கையில் பிடித்து எடுத்தது.

அரை_ஸ்டாப் | பதிவு 11

எண்களோடு கேட்டதற்கு நன்றி. இரண்டு தனித்தனிச் சிக்கல்.

முதலாவது. கோலம் வெள்ளை, சரி. ஆனால் ஃப்ரேமில் வெள்ளை எவ்வளவு? புள்ளிக்கோலத்தில் இழை ஒரு விரல் அகலம். மீதி முழுக்கத் தண்ணீர் தெளித்த தரை. நனைந்த சிமெண்ட் நன்றாகக் கறுத்துவிடும். மீட்டர் பார்ப்பது அந்தக் கறுப்பைத்தான், ஏற்கெனவே வெளிச்சத்தைக் கூட்டித்தான் கொடுத்திருக்கிறது. அதன் மேல் நீங்களும் +1 வைத்ததால் கோலமாவு வெந்துவிட்டது, அதாவது விவரமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிட்டது. வெந்துபோன வெள்ளை பக்கத்துப் பிக்சலுக்கும் கசியும், அதனால்தான் இழை தடிக்கிறது. இங்கே -0.7 வேண்டும். +1லிருந்து -0.7 என்றால் 1.7 ஸ்டாப் கீழே: அதே அப்பர்ச்சர், அதே ஐஎஸ்ஓவில் 1/80. துண்டுக்குப் ப்ளஸ் என்றது அது ஃப்ரேமை அடைத்திருந்ததால். பொருளின் நிறத்தைப் பார்க்காதீர்கள், ஃப்ரேமில் எது அதிக இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, தூரத்து ஓரம். 18 மில்லிமீட்டர், எஃப்/3.5ல் ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.15 மீட்டரிலிருந்து 2.15 மீட்டர் வரைதான் ஷார்ப். ஆறடிக் கோலத்தின் மறுகோடி உங்கள் கண்ணிலிருந்து 3 மீட்டர் இருக்கும். எஃப்/8 வைத்து 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த தெரு வரை ஷார்ப். ஆனால் எஃப்/3.5லிருந்து எஃப்/8 போனால் ஷட்டர் 1/80லிருந்து 1/15க்கு விழும். கையில் நிற்காது. ட்ரைபாட் வைக்கலாம். அல்லது இருபது நிமிடம் பொறுக்கலாம், அதற்குள் வெளிச்சம் பல மடங்காகும், அதற்குள் பால்காரர் கோலத்தை மிதிக்காமல் இருந்தால்.

மாடவீதி | பதிவு 12

மாவு மேடு தெரியணும்னா உதயத்துக்கப்புறம் முதல் வெயில் தரையோட படுத்து வரும்போது எடுங்க. இழைக்கு ஒரு பக்கம் நிழல் விழும், புடைச்சுகிட்டுத் தெரியும். கல்வெட்டு எழுத்து எடுக்கறவங்க பக்கவாட்டு வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறதும் இதுக்குத்தான். லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ஆங்கிலேய ஃபோட்டோகிராஃபர் 1858ல தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை எடுத்து 21 படமா ஒட்டினாரே, பிள்ளைகளுக்குக் காட்டுங்க. மேகமூட்டத்துல எடுத்தா மாவு தாள்ல அச்சடிச்ச மாதிரி தட்டையா இருக்கும்.

கூவக்கரை | பதிவு 13

இது பிரமாதம். கோலத்தையே 3ஆம் வார வேலையாக வைக்கிறேன். மங்கலாக வந்த படத்தைக் கொண்டுவந்து "ஏன் சார்" என்று கேட்டால் சுருக்கமாக எப்படிக் கண்டுபிடிக்கச் சொல்வது?

கிட்லென்ஸ் | பதிவு 14

நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். சுவர், தூண் எல்லாமே ஒரே திசையில் இழுத்திருந்தால் கை ஆடியிருக்கிறது: ஷட்டரை ஏற்றணும். கிட் லென்ஸ் 55ல் இருந்தால் குறைந்தது 1/100, ஏனென்றால் இந்தக் கேமராக்களின் சிறிய சென்சாருக்கு 55ஐ 1.5ஆல் பெருக்கணும், வருகிற எண்ணுக்குக் கீழே ஷட்டர் இறங்கக் கூடாது. சுவர் ஷார்ப், ஆள் மட்டும் இழுத்திருந்தால் ஆள் ஆடியிருக்கிறார், அப்போது ஸ்டெபிலைசர் உதவாது. ஆளுக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதோ ஷார்ப்பாக இருந்தால் ஃபோகஸ் தப்பு. எதுவுமே ஷார்ப் இல்லை, இழுப்பும் இல்லை, படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி என்றால் லென்ஸில் பனி. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கேமராவைப் பையிலிருந்து உடனே எடுத்திருக்கிறார்கள். ஜிப் பையோடு அரை மணி நேரம் வெளியே கிடக்கட்டும், பிறகு திறக்கலாம். துணியால் துடைத்தால் மறுபடி படியும்.

தெர்மாகோல் | பதிவு 15

முகம் எடுக்கிற வாரம் எது? அதை 8க்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் ஆளை நிற்க வைத்தால் வெட்கத்தில் செட்டிங் மறந்துபோகும்.

செலவில்லாத சாமான்: ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் ஷீட் ஒன்று, கறுப்பு சார்ட் இரண்டு. ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டாக உட்கார வைக்கவும். ஜன்னல் இல்லாத பக்கம் முதலில் ஒன்றும் வைக்காமல் ஒரு படம், பிறகு தெர்மாகோலை மூன்றடியில் வைத்து, ஒன்றரை அடியில் வைத்து, கடைசியாக அதே இடத்தில் கறுப்பு சார்ட்டை வைத்து. நாலு படம், எம் மோடில் பூட்டிய எக்ஸ்போஷர். ஒரே முகம் நாலு மாதிரி வரும். சினிமாவில் பகல் காட்சி எடுப்பதில் பாதி இந்த வெள்ளை அட்டை வேலைதான்.

மொட்டை மாடியில் எடுக்கிறவர்கள் கவனிக்க: வெள்ளை கூலிங் டைல்ஸ் போட்ட மாடியில் வெளிச்சம் தரையிலிருந்து மேலே அடிக்கும். தாடைக்கும் மூக்குக்கும் அடியில் வெளிச்சம், கண்ணுக்கு மேலே நிழல், பேய்ப்படம் மாதிரி இருக்கும். காலடியில் பழைய ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் சரியாகிவிடும்.

தோல் நிறம்: மாநிறத்துக்கும் கீழே உள்ள முகம் ஃப்ரேமை அடைத்தால் மீட்டர் அதை வெளுக்க வைக்கப் பார்க்கும். -0.3 இலிருந்து -0.7 வரை குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த முகம்தான் நல்ல படம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதை உடைக்க வேண்டியது வாத்தியார் பொறுப்பு.

50 மில்லிமீட்டர் எஃப்/1.8 யாராவது கொண்டுவந்தால், ஒன்றரை மீட்டரில் முழுக்கத் திறந்தால் ஷார்ப் ஆழம் 6 சென்டிமீட்டர்தான். நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டு ஃப்ரேமை நகர்த்தினால் காது ஷார்ப், கண் மங்கல். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்தணும். எஃப்/8ல் 27 சென்டிமீட்டர் கிடைக்கும், தலை முழுக்க அடங்கிவிடும்.

பாக்கெட்_கேமரா | பதிவு 16

வீட்டு எல்இடி பல்பு வெளிச்சத்துல எடுக்கறவங்களுக்குப் பட்டை பட்டையாக் கோடு வரும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வச்சா கோடு போயிடும். 1/500 வச்சா மலிவு பல்புல நிச்சயம் தெரியும்.

கூவக்கரை | பதிவு 17

சமர்ப்பிப்பது எப்படி? எல்லோரும் வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதாகச் சொல்கிறார்கள்.

கிட்லென்ஸ் | பதிவு 18

படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் சுருக்கும், எக்ஸிஃப் தகவலையும் நீக்கிவிடும். ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன என்று தெரியாமல் எதைத் திருத்துவீர்கள்? டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் வாரத்துக்கு ஒரு ஃபோல்டர். கோப்பின் பெயர் கேமரா கொடுத்த எண்ணாகவே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். எண் தொடர்ச்சியாக இருந்தால்தான் இடையில் எதை அழித்தார்கள் என்று தெரியும்.

அரை_ஸ்டாப் | பதிவு 19

அழிக்கவே விடாதீர்கள். இதில்தான் நான் பிடிவாதம். நல்ல படம் ஒன்றை மட்டும் வாங்கினால் உங்களுக்குத் தெரிவது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். ஆளுக்கு 36 படம் என்று வைத்து, அத்தனையையும் சிறு கட்டங்களாக ஒரே தாளில், ஆறுக்கு ஆறு, வாங்கினால் அது யோசித்த வழி தெரியும். முதல் எட்டுப் படம் ஒரே இடத்தில் நின்று எடுத்ததா, ஒன்பதாவதில் ஏன் ஓரடி நகர்ந்தது, பன்னிரண்டில் ஒருவர் குறுக்கே வந்ததும் ஏன் நிறுத்திவிட்டது. திருத்த வேண்டிய இடமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. டார்க்டேபிள், லைட்ரூம் மாதிரி எடிட்டிங் மென்பொருள் வேண்டாம், ஃபோன் கேலரியைச் சிறு கட்டமாக்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே போதும்.

அதோடு மூன்று வரி எழுதித் தர வேண்டும்: தேர்ந்த படம் எது, கடைசி நிமிடத்தில் கழித்தது எது, ஏன் கழித்தேன்.

பாக்கெட்_கேமரா | பதிவு 20

16 பேர், ஆளுக்கு 36ன்னா 576 படம். ரெண்டு மணி நேரத்துல ஒரு படத்துக்கு 12 வினாடிதான் வருது. யார் சார் பாக்கறது?

அரை_ஸ்டாப் | பதிவு 21

வாரம் நாலு பேர் தாளை மட்டும் திரையில் போட்டு முழுக்கப் பேசுங்கள். நாலு வாரத்தில் ஒரு சுற்று வரும், 12 வாரத்தில் ஆளுக்கு மூன்று முறை. மீதிப் பேர் தேர்ந்த ஒரே படம். யார் முறை என்பதை வகுப்பில்தான் அறிவிக்க வேண்டும், முன்னாலேயே சொன்னால் அந்த நாலு பேர் மட்டும் ஒழுங்காக எடுப்பார்கள்.

மாடவீதி | பதிவு 22

பேசறதுக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும். 'அருமை', 'சூப்பர்', 'செம' மூணும் தடை. பாக்கறவங்க முதல்ல "கண் எங்க போய் நிக்குது"ன்னு மட்டும் சொல்லணும். எடுத்தவங்க அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. பத்துப் பேர் கண்ணும் பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் குடத்துக்குப் போச்சுன்னா, "நான் பாட்டியைத்தான் எடுத்தேன்"னு விளக்கம் சொல்றதுல பிரயோஜனம் இல்ல.

அந்த 36 படக் கணக்கை ஒரு டேப் வேலையோட சேருங்க. கிட் லென்ஸ் ஜூம் வளையத்தை 35ல வச்சு இன்சுலேஷன் டேப் ஒட்டிடணும். வடக்கு மாட வீதியில நூறு மீட்டர், ஒரு மணி நேரம், 36 படம், திரும்பிப் பாத்து அழிக்கக் கூடாது. ஜூம் இல்லன்னதும் கால் தானா நகர ஆரம்பிக்கும். ஃபோன்காரங்க ஒன் எக்ஸ்ல மட்டும். முகம் தெரியற மாதிரி எடுத்தா கேட்டுட்டு எடுக்கணும். குழந்தைங்கன்னா பெத்தவங்ககிட்ட கேக்கணும்.

கூவக்கரை | பதிவு 23

எடிட்டிங் எந்த வாரம்?

தெர்மாகோல் | பதிவு 24

10. அதற்கு முன்னால் கிடையாது. அதுவும் ஒரே ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) நீங்களே கொடுங்கள், 16 பேரும் அதையே செய்யட்டும்.

மாடவீதி | பதிவு 25

11ஆம் வாரத்தை மாத்திடாதீங்க. ஆகஸ்ட் மூணாவது வாரம் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில வரும். பகல் 12.10லிருந்து 12.15க்குள்ள செங்குத்தாக நிக்கற கம்பத்துக்கு நிழலே இருக்காது. உச்சி வெயில்ல முகம் எடுத்தா கண்குழி கறுப்பாப் போறது ஏன்னு அன்னிக்கு ஒரு படத்துலயே புரிஞ்சுடும். அடுத்த படம், அதே ஆளைத் திண்ணை நிழல் விளிம்புக்குள்ள ரெண்டடி தள்ளி. வெயில் பட்ட ரோடே ரிஃப்ளெக்டரா வேலை செய்யும். மழை மேகம் வந்துட்டா அடுத்த நாள் எடுங்க, ஒண்ணு ரெண்டு நாள்ல பெரிய வித்தியாசம் வராது.

கூவக்கரை | பதிவு 26

முதல் வாரத் தாள் தயார். பார்த்துச் சொல்லுங்கள்.

"வெள்ளைத் துண்டு, கறுப்புப் பை, செய்தித்தாள். வடக்கு ஜன்னல், காலை 9 மணி. ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6 (ஃபோன்: எச்டிஆர், பியூட்டி அணைத்து, எக்ஸ்போஷர் லாக்). ஃப்ரேமை அடைத்து 11 படம். எதையும் அழிக்கக் கூடாது. டாக்குமெண்ட்டாக அனுப்பவும். துண்டுக்கும் பைக்கும் நீங்கள் தேர்ந்த எண்ணை எழுதவும்."

மாடவீதி | பதிவு 27

வடக்கு ஜன்னல்ல வெயில் விழாதுன்னு புத்தகத்துல எழுதியிருக்கிறதை நம்பிட்டீங்க. நம்ம ஊருக்கு அது ஜூன்ல பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிப் பொழுதுல சூரியன் நம்ம தலைக்கு வடக்கே போகுது. உதிக்கிறதும் வடகிழக்குல. காலை 9 மணிக்கு வடக்கு ஜன்னல்ல ஒரு கீற்று உள்ள வந்து, துண்டுல பாதி வெயில், பாதி நிழல்னு ஆகிடும். ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி கட்டச் சொல்லுங்க, எந்தத் திசையா இருந்தாலும் ஓடும்.

கூவக்கரை | பதிவு 28

மாற்றிவிட்டேன். வேட்டி ஒற்றையாகவா, இரட்டை மடிப்பா?

தெர்மாகோல் | பதிவு 29

ஒற்றை. இரட்டையாகக் கட்டினால் வெளிச்சம் இன்னும் குறையும், கறுப்புப் பைக்கு ஷட்டர் கையில் நிற்காத அளவுக்கு இறங்கிவிடும். கலர் கரை ஜன்னலுக்கு வெளியே போகிற மாதிரி கட்டச் சொல்லுங்கள். பச்சைக் கரை வழியாக வெயில் வந்தால் துண்டில் அந்தப் பச்சை ஏறும், பிள்ளை வைட் பேலன்ஸைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கும்.